மேகக் கணிமை மேலாண்மையில் திறந்த மூலக் கருவிகள்

மேகக் கணிமை உட்கட்டமைப்பின் தன்னியக்க மேலாண்மை என்பது, வழங்கிகள், சேமிப்பகங்கள், வலையமைப்புகள் ஆகியவற்றைப் பணியாளர்கள் ஒவ்வொன்றாகக் கையால் அமைக்காமல், எழுதி வைக்கப்பட்ட விவரிப்புக் கோப்புகளைக் கொண்டு மென்பொருளே அமைத்துப் பராமரிக்கும் முறை ஆகும். இவ்வழங்கிகள் இணையத்தின் வழியே வாடகைக்குப் பெற்றவையாகவோ, ஒரு நிறுவனத்தின் சொந்தத் தரவு மையத்தில் உள்ளவையாகவோ இருக்கலாம். இத்துறையில் புகழ்பெற்ற கருவிகளுள் பல திறந்த மூல மென்பொருள்களாகத் தோன்றியவை. 2023 ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்றின் உரிமம் மாற்றப்பட்டது. அதன் பின்னர், அரசுகளும் நிறுவனங்களும் நம்பியிருக்கும் கருவிகள் யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளன என்ற வினா முன்னிலை பெற்றுள்ளது.

தேவை

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஆண்டுதோறும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதுகின்றனர். முடிவுகள் வெளியாகும் நாளில் மாணவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் சில மணி நேரத்துக்குள் ஒரே வலைத்தளங்களை நாடுகின்றனர். அந்த ஒரு நாளுக்கு ஏற்ற எண்ணிக்கையில் வழங்கிகளை வாங்கி வைத்தால், ஆண்டின் பிற நாட்களில் அவை பயனின்றிக் கிடக்கும். சாதாரண நாளின் தேவைக்கு மட்டும் வாங்கினால், முடிவு வெளியாகும் நாளில் தளம் முடங்கும். வேண்டும்போது வழங்கிகளைக் கூட்டவும் பின்னர் குறைக்கவும் இயலுவது மேகக் கணிமையின் முதன்மையான பயனாகும். ஆனால் ஐம்பது வழங்கிகளைச் சில நிமிடங்களில் கையால் அமைப்பது இயலாது. எனவே தன்னியக்கம் தேவைப்படுகிறது.

இத்தேவை பெருநகரங்களுடன் நின்றுவிடுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியை அடுத்துள்ள வல்லம் ஊராட்சி ஒன்றியம் போன்ற வேளாண் பகுதிகளிலும், பட்டா மாறுதல், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் முதலியவற்றுக்கான விண்ணப்பங்கள் இ-சேவை மையங்கள் வாயிலாக இணையத்தில் பதிவு செய்யப்படுகின்றன. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலால் இம்மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இத்தகைய பேரிடருக்குப் பின்னர், பயிர் இழப்பைக் கணக்கிடவும் நிவாரணம் வழங்கவும் நில ஆவணங்களும் குடும்ப அட்டைத் தரவுகளும் விரைந்து தேவைப்படும். அந்நேரத்தில் வழங்கி இயங்காமற் போனால், மையத்துக்கு வந்து திரும்புபவர் ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழக்கிறார்.

செயற்படும் முறை

பழைய முறையில் பணியாளர் ஒவ்வொரு வழங்கியிலும் புகுந்து கட்டளைகளை இடுவார். எந்த வழங்கியில் எந்த மாற்றம் செய்யப்பட்டது என்பது பெரும்பாலும் அவருடைய நினைவில் மட்டுமே இருக்கும். அவர் பணி மாறிச் சென்றால் அந்த அறிவும் அவருடன் சென்றுவிடும்.

புதிய முறையில் வேண்டிய நிலை ஒரு கோப்பில் எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, வலை வழங்கிகள் நான்கு, தரவுத்தள வழங்கிகள் இரண்டு இருக்க வேண்டும் என்றும், வெளியிலிருந்து மறைகுறியிடப்பட்ட இணைப்புகள் மட்டுமே அனுமதிக்கப்பட வேண்டும் என்றும் எழுதலாம். கருவி இந்த விவரிப்பை உண்மை நிலையுடன் ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் சரிசெய்கிறது. வேறுபாடு இல்லையெனில் எதையும் மாற்றாது. ஆகவே ஒரே கோப்பைப் பலமுறை இயக்கினாலும் விளைவு ஒன்றாகவே அமையும்.

இக்கோப்புகள் வெறும் உரைக் கோப்புகள் ஆதலால், நிரல்களைப் போலவே பதிப்பு வரலாற்றுடன் சேமிக்கப்படுகின்றன. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவில் இருக்கும். தரவு மையம் ஒன்று வெள்ளத்தில் மூழ்கினாலும், கோப்புகளும் தரவின் நகலும் வேறிடத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தால், அமைப்பை மறுபடி உருவாக்க இயலும்.

தன்னியக்கம் பிழைகளையும் பெருக்கும். 2017 பெப்ரவரி 28 அன்று அமேசான் நிறுவனத்தின் எஸ்3 சேமிப்புச் சேவை சில மணி நேரம் தடைப்பட்டது. பராமரிப்புக் கட்டளை ஒன்றில் தவறான உள்ளீடு இடப்பட்டதால், திட்டமிட்டதைக் காட்டிலும் கூடுதலான வழங்கிகள் நீக்கப்பட்டமையே காரணம் என அந்நிறுவனம் விளக்கியது. இத்தகைய இழப்பைத் தவிர்க்க, மாற்றங்களை இயக்குவதற்கு முன் திட்ட அறிக்கையைப் பார்வையிடுவதும், மற்றொருவர் சரிபார்ப்பதும் நல்ல வழக்கங்களாகக் கருதப்படுகின்றன.

முதன்மைக் கருவிகள்

இத்துறையின் முன்னோடியான சி.எப்.என்ஜின் 1993 இல் நார்வேயின் ஒசுலோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்கெஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. பின்னர் பப்பெட் (2005), செஃப் (2009), அன்சிபிள் (2012) ஆகியவை வெளிவந்தன. இவை ஏற்கெனவே உள்ள வழங்கிகளுக்குள் மென்பொருள்களை நிறுவி ஒழுங்குபடுத்தப் பெரிதும் பயன்படுகின்றன. அன்சிபிளுக்கு, நிர்வகிக்கப்படும் வழங்கிகளில் தனி முகவர் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

2010 இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் இணைந்து தொடங்கிய ஓப்பன்ஸ்டாக், சொந்தத் தரவு மையத்திலேயே மேகக் கணிமையை அமைக்க உதவுகிறது. 2014 இல் வெளியான டெராஃபார்ம், வழங்கிகளையும் வலையமைப்பையும் புதிதாக உருவாக்கும் பணியைச் செய்கிறது. அதே ஆண்டு கூகுள் வெளியிட்ட குபெர்னெட்டிஸ், கொள்கலன்களில் இயங்கும் செயலிகளைப் பல வழங்கிகளில் பகிர்ந்தளித்து, பழுதடைந்தவற்றை மீண்டும் இயக்குகிறது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

2005 இல் தொடங்கப்பட்ட கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் சென்னை சி-டாக் நிறுவனமும், அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் பங்கேற்றன. அதன் விளைவாக பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007 இல் வெளியானது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8 உடன் நிறுத்தியபோது, பாஸ் லினக்ஸைப் பயன்படுத்துமாறு தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது.

வழங்கிகளின் மட்டத்தில் ஆதார் திட்டம் குறிப்பிடத்தக்கது. நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கையாளும் இத்திட்டம், தனியொரு விற்பனையாளரைச் சார்ந்திராதவாறு பொதுவகை வழங்கிகளையும் திறந்த மூல மென்பொருள்களையும் கொண்டு வடிவமைக்கப்பட்டது. அரசுத் துறைகளுக்கான மேகக் கணிமைத் திட்டமான மேகராஜின் கீழ், தேசிய மேகம் 2014 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. 2015 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட கொள்கை, மின்னாளுகைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்குமாறும், அதனைத் தவிர்த்தால் காரணம் காட்டுமாறும் கூறியது.

உரிம மாற்றம்

டெராஃபார்ம் தொடக்கத்தில் மொசில்லா பொது உரிமத்தின் கீழ் வழங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 10 அன்று, அதன் உரிமையாளரான ஹாஷிகார்ப் நிறுவனம், புதிய பதிப்புகள் வணிக மூல உரிமத்தின் கீழ் வெளியாகும் என்று அறிவித்தது. இவ்வுரிமத்தின்படி மூல நிரலை எவரும் பார்க்கலாம். ஆனால் ஹாஷிகார்ப்புடன் போட்டியிடும் சேவைகளுக்குப் பயன்படுத்த இயலாது. எனவே இது திறந்த மூல உரிமமாக ஏற்கப்படுவதில்லை. பெரும் மேகக் கணிமை நிறுவனங்கள் திருப்பி எதுவும் தராமல் பயன் பெறுகின்றன என்பது இத்தகைய மாற்றங்களைச் செய்யும் நிறுவனங்களின் வாதமாகும்.

பழைய உரிமத்தில் வெளியான நிரலை எவரும் திரும்பப் பெற இயலாது. அதிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற கிளை உருவாகி, 2023 செப்டம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையில் சேர்ந்தது. அதன் முதல் நிலையான பதிப்பு 2024 சனவரியில் வெளியானது. ஹாஷிகார்ப்பை 640 கோடி டாலருக்கு வாங்குவதாக 2024 ஏப்ரலில் அறிவித்த ஐ.பி.எம்., 2025 பெப்ரவரியில் அதனை நிறைவு செய்தது. அன்சிபிளை 2015 இல் வாங்கிய ரெட் ஹாட் 2019 இல் ஐ.பி.எம். வசமானதால், டெராஃபார்ம், அன்சிபிள் ஆகிய இரண்டின் பின்னும் இப்போது ஒரே நிறுவனம் உள்ளது.

மூடிய மென்பொருளில் இத்தகைய கிளைக்கு வழியில்லை. வி.எம்.வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் வாங்கிய பிராட்காம், நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. உடன்படாத வாடிக்கையாளர்கள் தம் அமைப்புகளை வேறு மென்பொருளுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

மதிப்பீடு

திறந்த மூலக் கருவிகள் உரிமச் செலவைக் குறைக்கின்றன. ஆனால் வழங்கிகளின் வாடகையையோ பொறியாளர்களின் ஊதியத்தையோ நீக்குவதில்லை. மேலும், ஒரு மேகக் கணிமை நிறுவனத்துக்காக எழுதப்பட்ட டெராஃபார்ம் கோப்பு மற்றொன்றில் அப்படியே இயங்காது. கருவி பொதுவானதாக இருப்பினும், கோப்பில் குறிக்கப்படும் சேவைகள் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை ஆகும்.

உரிமத்தின் பெயர் மட்டும் போதிய பாதுகாப்பு ஆகாது என்பதை 2023 ஆம் ஆண்டின் நிகழ்வு காட்டியது. பொது நிறுவனம் ஒன்று தன் நிலையை மூன்று வினாக்களால் மதிப்பிடலாம். விவரிப்புக் கோப்புகள் அதன் வசம் உள்ளனவா, ஒப்பந்ததாரரிடம் உள்ளனவா? கருவியை நடத்துவது தனியொரு நிறுவனமா, பலர் பங்குகொள்ளும் அறக்கட்டளையா? கோப்புகளைப் படித்து இயக்கத் தெரிந்தவர்கள் அதன் பணியாளர்களுள் இருக்கின்றனரா? இவற்றுள் மூன்றாவதே கடினமானது. கிளை பிரிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதனைப் பயன்படுத்தும் திறன் பயிற்சியால் மட்டுமே வரும். பல கோடி ரூபாய்த் திட்டமாயினும், கோப்பைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் அலுவலகத்தில் இல்லையெனில், அது ஒப்பந்ததாரரையே சார்ந்திருக்கும்.

இப்பயிற்சி பெரும் செலவின்றிக் கிடைக்கக்கூடியது. ஓப்பன்டோஃபு, அன்சிபிள், குபெர்னெட்டிஸ் ஆகியவற்றைச் சாதாரணக் கணினி ஒன்றில் மெய்நிகர் எந்திரங்களை அமைத்துக் கற்கலாம். 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் தமிழில் இலவசமாக வழங்கி வருகிறது. விழுப்புரத்தில் இயங்கும் குனூ/லினக்ஸ் பயனர் குழு, அம்மாவட்ட மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் வகுப்புகளை நடத்துகிறது. வல்லம், செஞ்சி போன்ற ஊர்களின் மாணவர்கள் இத்துறையில் நுழைய இவை வழியாக அமைகின்றன.