கார் முந்தினால் கூரை பிந்தும்

வட்டி ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் குடும்பம் தமிழகத்தில் இல்லை. மிம்பரிலிருந்து கேட்கிறோம், மத்ரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆயினும் செங்கல்பட்டு முதல் மறைமலை நகர் வரையிலும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலும் புதிதாய் எழுந்துள்ள குடியிருப்புகளில் நம்மவர் வாசல்களைப் பாருங்கள். குடியிருப்பதோ வாடகை வீடு. வாசலில் நிற்பதோ தவணைக் கார்! கேட்டால், காலத்தின் தேவை என்பார்கள். யாருடைய தேவை?

வீட்டுக்கென வட்டிக் கடன் வாங்குவோர் நிர்ப்பந்தத்தைக் காரணமாகச் சொல்வதுண்டு. ஐரோப்பாவில் வாழும் முஸ்லிம்கள், வேறு வழியே இல்லாதபோது, தாம் குடியிருக்கும் ஒரே வீட்டுக்காக மட்டும் அவ்வாறு வாங்கலாம் என்று அங்குள்ள ஃபத்வாக் குழு 1999இல் கூறியது. அதனை மறுத்த ஆலிம்களும் பலர். அந்த விவாதத்தை அறிஞர்களிடமே விடுவோம். ஆனால் அனுமதித்தவர்கள்கூடப் பேசியது கூரையைப் பற்றி. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வரும் காரைப் பற்றியன்று.

மார்க்கம் ஒருபுறம் இருக்கட்டும். உலகியல் கணக்கையேனும் ஒழுங்காகப் பார்த்தோமா?

வங்கி மனிதரைப் பார்ப்பதில்லை; சம்பளச் சீட்டைப் பார்க்கிறது. கைக்கு வரும் ஊதியத்தில் எல்லாத் தவணைகளும் சேர்ந்து இத்தனை பங்குக்கு மேல் போகலாகாது என்று ஓர் எல்லை வகுத்திருக்கிறது. வங்கிக்கு வங்கி இது மாறும். பாதி என்றே கொள்வோம். மாதம் 50,000 ரூபாய் பெறுபவர் 25,000 ரூபாய் தவணை கட்டலாம். 9 சதவிகித வட்டியில் 20 ஆண்டுகளுக்கு அத்தொகை ஏறத்தாழ 27¾ இலட்சம் வீட்டுக் கடனுக்குப் போதும். அவரே முன்னதாக மாதம் 10,000 ரூபாய் தவணையில் ஒரு கார் வாங்கியிருந்தால்? எஞ்சுவது 15,000. கிடைக்கும் வீட்டுக் கடனோ ஏறத்தாழ 16⅔ இலட்சம்தான். ஐந்தாண்டுத் தவணைக்கு எடுத்த அந்தக் கார் கடன் 5 இலட்சம்கூட இராது. அது விழுங்கியதோ 11 இலட்ச ரூபாய் வீட்டை!

இங்கேதான் தரகர் வருகிறார். "கார் கடனை மறுகடனாக மாற்றுங்கள், தவணை குறையும், வீட்டுக் கடன் கிடைக்கும்" என்கிறார். அதையும் கணக்கிடுவோம். 3 இலட்சம் பாக்கி, 3 ஆண்டு மீதம். தவணை சுமார் 9,540 ரூபாய். அதே வட்டியில் 5 ஆண்டாக நீட்டினால் சுமார் 6,230 ஆகும். வீட்டுக் கடன் தகுதி மூன்றரை இலட்சத்துக்கு மேல் உயரும், உண்மைதான். ஆனால் காருக்காகக் கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ 30,000 ரூபாய் கூடுகிறது. பரிசீலனைக் கட்டணமும், பழைய கடனை முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் தனி. காரோ ஆண்டுதோறும் விலை இறங்குகிறது. சுமை இறங்கவில்லை, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறியது, அவ்வளவே. அதனைப் பயன்படுத்தி இன்னொரு பெருஞ்சுமை ஏற்றப்படுகிறது.

இத்தனையும் ஊதியம் நிற்காது என்ற நம்பிக்கையின் மேல் எழுப்பிய மாளிகை. மறைமலை நகரின் ஃபோர்டு ஆலையைவிடச் சான்று வேண்டுமா? இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022இல் ஆலையின் ஓட்டம் நின்றது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் கலங்கின. கார் செய்த கைகளுக்கே வேலை இல்லை! ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணத்தை நிறுவனம் 2024 செப்டம்பரில் வெளியிட்டது. மூன்று ஆண்டுகள்! தவணைக்கு மூன்று மாதம் காத்திருக்கவும் தெரியாது.

கடற்கரைப் பக்கம் நிலை என்ன? 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது மாமல்லபுரத்துக்குச் சுற்றுலாப் பயணி இல்லை. வாடகைக் கார் ஓட்டுநருக்குச் சவாரி இல்லை. ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையை ஒத்திவைக்க இடமளித்தது. வட்டியோ ஒரு நாளும் உறங்கவில்லை. பின்னர் 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4 சதவிகிதத்திலிருந்து 6.5 ஆக ஏறியது. மாறும் வட்டியில் வீடு வாங்கியோரின் கடன் காலம் ஆண்டுக் கணக்கில் நீண்டது.

நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுங்கள், தள்ளுபடி செய்வது இன்னும் நன்று என்பது அல்பகரா அத்தியாயம் தரும் அறிவுரை. ஜகாத் பெறும் எட்டு வகையினருள் கடனில் மூழ்கியவரும் ஒருவர். ஆலை மூடியபோது, சவாரி நின்றபோது, எத்தனை மஹல்லா ஜமாஅத்துகள் அவர்களைத் தேடிச் சென்றன? வட்டியைக் கண்டித்து முழங்கும் நாம், வட்டியில்லாத ஒரு வாசலைத் திறந்து வைத்தோமா?

அரசு செய்யட்டும் என்று இருந்தோம். ரகுராம் ராஜன் குழு 2008இல் வட்டியில்லா வங்கிமுறையைப் பரிந்துரைத்தது. அத்திட்டத்தை மேற்கொண்டு தொடரப் போவதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி கூறிவிட்டது. இலங்கையிலே 2011இல் அமானா வங்கி வந்துவிட்டது. நாமோ இன்னும் மேடையிலேயே நிற்கிறோம். இந்த வெற்றிடத்தில்தான் ‘ஹலால் முதலீடு’ என்னும் போர்வையில் மோசடிகள் நுழைகின்றன. 2019இல் பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது பல்லாயிரம் முஸ்லிம்கள் சேமிப்பை இழந்தார்களே, மறந்துவிட்டோமா?

நாம் வேண்டுவது மாயமன்று. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் முறையாகப் பதிவு பெற்று, தணிக்கைக்கு உட்பட்டு, உறுப்பினர் சேமிப்பிலிருந்து அழகிய கடன் வழங்கும் சிக்கன நாணயச் சங்கங்களை வட்டாரந்தோறும் அமைக்க முனையலாம். வேலை இழந்தவரின் தவணைக்கு ஜகாத் நிதியில் ஒரு பங்கை ஒதுக்கலாம். இவை ஜமாஅத்தின் கடமை.

குடும்பத்தின் கடமை இதனினும் எளிது. காரைப் பிறகு வாங்குங்கள். ரொக்கம் சேர்த்துப் பழைய காரை வாங்குங்கள். அதுவும் ஆகாதெனில் பேருந்தில் செல்லுங்கள். அண்ணலார் (ஸல்) கடன் சுமையிலிருந்து இறைவனிடம் பாதுகாவல் தேடினார்கள். அவர்களின் உம்மத்தாகிய நாமோ பெண் பேசும் சபையில் "மாப்பிள்ளைக்குக் கார் உண்டா?" என்று கேட்கிறோம். இனி, "மாப்பிள்ளைக்குக் கடன் உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லக் கூடிய இளைஞனுக்கே பெண் கொடுங்கள்.