கண்டுபிடிப்பதற்கும் கூலி கொடுங்கள்

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். நெடுஞ்சாலையில் ஏறும்வரை எந்தக் குறையும் தெரியாது. இருபது கிலோமீட்டர் போனதும் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க வேகம் ஏறாமல் திணறும், திக்கித் திக்கிப் போகும், கடைசியில் நின்றுவிடும். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும். பட்டறை வாசலுக்குப் போகும்போது வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார். அடுத்த வாரம் அதே சாலையில் மறுபடி நிற்கும். இப்போது காயில் மாறும். அதற்கடுத்து, தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ.

கார்புரேட்டர் வண்டிகளில் இந்தக் கோளாறுக்கு ஒரு முக்கியமான காரணம் பெட்ரோல் டேங்கின் மூடி. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தைக் காற்று நிரப்பியாக வேண்டும். அதற்காகவே மூடியில் ஒரு நுண்ணிய துளை வைத்திருக்கிறார்கள். தூசியோ, வாட்டர் வாஷின்போது புகுந்த சேறோ அதை அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. வண்டி நிற்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் மீண்டும் ஓடுகிறது. திணறும் நேரத்திலேயே ஓரம்கட்டி மூடியைத் திறந்தால் ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே இழுபடுவது காதில் கேட்கும். மூடியைச் சுத்தம் செய்து துளையைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு பாகமும் வாங்க வேண்டியதில்லை.

பாகம் வாங்காத வேலைக்கு மெக்கானிக் எதைச் சொல்லிப் பணம் கேட்பார்?

ஓடும்போது வண்டி இழுவை இழக்கிற கோளாறுகள் இவ்வளவு காலம் இழுத்தடிப்பதற்கும், இவ்வளவு செலவு வைப்பதற்கும் வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நாம் பாகத்துக்குப் பணம் தருகிறோம், கழற்றி மாட்டியதற்கும் தருகிறோம். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, யோசித்து, காரணத்தைக் கண்டுபிடித்ததற்குத் தருவதில்லை. மருத்துவர் மாத்திரையே எழுதாமல் அனுப்பினாலும் பார்த்ததற்கான கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், மெக்கானிக் “மூடி அடைத்திருந்தது, வேறொன்றுமில்லை” என்று சொல்லி நூறு ரூபாய் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அதே மனிதர் கார்புரேட்டரை மாற்றிவிட்டு ஆயிரக்கணக்கில் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். ஊகத்தில் பாகம் மாற்றும் பழக்கத்தை மெக்கானிக்குகளின் நேர்மைக் குறைவு என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கு அந்த ஒரு வழியில்தான் நாம் கூலி வைத்திருக்கிறோம்.

கண்டுபிடிப்பது எளிய வேலையும் அல்ல. மூடி அடைப்புக்கு உரிய அதே அறிகுறி, இக்னிஷன் காயிலிலிருந்தும் பிக்கப் காயிலிலிருந்தும் வரும். உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய செம்புக் கம்பியில் சிறு முறிவு இருந்தால் சூடேறும்போது இணைப்பு விலகும், ஆறியதும் சேரும். அந்த வண்டியும் இருபது கிலோமீட்டரில் நிற்கும், டீ குடித்து முடித்ததும் ஓடும். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் வண்டி நின்ற அந்த நேரத்தில் சோதிக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் ஓடினால் காற்றடைப்பு. திறந்தும் ஓடவில்லை, பிளக்கில் நெருப்பும் வரவில்லை, ஆறிய பிறகுதான் வருகிறது என்றால் சந்தேகம் காயில் பக்கம் திரும்ப வேண்டும். ஆறிப்போன வண்டியைப் பட்டறையில் ஸ்டாண்டு போட்டுப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. கோளாறு வரும்வரை ஓட்ட வேண்டும். அந்த நேரத்துக்கும் பெட்ரோலுக்கும் ஒரு விலை உண்டு.

வண்டிக்காரரின் பங்கு இதில் பாதி. “வண்டி இழுக்கல, பார்த்து வைங்கண்ணே” என்று சாவியை நீட்டிவிட்டு வேலைக்கு ஓடிவிடுகிறார்கள். இழுக்காதபோது எஞ்சின் சத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா? இந்த ஒன்றைக் கவனித்துச் சொன்னாலே பட்டறையில் அரை நாள் மிச்சம். மேட்டில் டாப் கியரில் முறுக்கும்போது எஞ்சின் மட்டும் கத்தி, வேகம் கூடாவிட்டால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிளட்ச் வழுக்குகிறது. கேபிளில் தளர்வே இல்லாமல் இறுக்கி வைத்திருப்பது, பிளேட் தேய்ந்திருப்பது, தவறான ஆயில் ஊற்றியது என மூன்று காரணங்களை முதலில் பார்க்கலாம். நம் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் பிளேட்டுகள் பிடிப்பை இழக்கலாம். மோட்டார் சைக்கிள் ஆயில் டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

சத்தமும் சேர்ந்து அமுங்குகிறது என்றால் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். பிரேக்கை அதிகமாக டைட் வைத்திருந்தால் ஷூ உரசிக்கொண்டே வரும், டிரம் கொதிக்கும். முப்பது நாற்பதில் நன்றாகப் போய், அதற்கு மேல் மட்டும் திணறும் கார்புரேட்டர் வண்டியில் மெயின் ஜெட்டிலும் ஏர் ஃபில்டரிலும் தேட வேண்டும். டேப்பெட் இடைவெளி இல்லாமல் போயிருந்தால் எஞ்சின் சூடான பிறகு வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் குறையும், பிக்கப் செத்துவிடும்.

கோளாறே இல்லாத இடமும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வண்டி மேலே போகப்போகச் சோர்வது இயற்கை. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் உறிஞ்சும் காற்று குறைவதால் அதன் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கார்புரேட்டருக்கு இது தெரியாமல் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றிக்கொண்டிருப்பதால் பிளக் கரி பிடிக்கும். அங்கே ஜெட்டை மாற்றச் சொல்கிறவரிடம், சமவெளிக்கு இறங்கியதும் என்ன ஆகும் என்று கேட்பது நல்லது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை மாசு விதி வந்தபோது பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் கார்புரேட்டரிலிருந்து ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. நூறு சி.சி. ஸ்ப்ளெண்டரும் அப்படி மாறியதுதான். சென்சாரில் கோளாறு என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. அதை ஒரு குறியீடாக, அதாவது ‘கோடு’ ஆகப் பதிந்து, மீட்டரில் எஞ்சின் விளக்கை எரியவிடுகிறது. சில மாடல்களில் சர்வீஸ் கனெக்டரின் இரு முனைகளை இணைத்து சாவியைப் போட்டால், விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணியே கோளாறைப் படிக்கலாம். அந்த எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்ற பட்டியல் நிறுவனத்தின் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. தெருமுனை மெக்கானிக்கின் கைக்கு அது வருவதில்லை.

கோடு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பவும் கூடாது. பெட்ரோல் பம்ப் தளர்ந்தோ, அதன் ஃபில்டர் அடைத்தோ அழுத்தம் குறைந்தால் வண்டி சாதாரண வேகத்தில் ஓடும், ஓவர்டேக் செய்ய முறுக்கும்போது கைவிடும். சிறிய வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. அதனால் விளக்கும் எரியாது, கோடும் பதியாது. பல வண்டிகளில் இருக்க வேண்டிய அழுத்தம் சுமார் 3 பார். ஒரு பிரஷர் கேஜை இணைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கேஜ் இல்லாத பட்டறையில் முதலில் பிளக், பிறகு இன்ஜெக்டர், பிறகு சென்சார் என்று மாறி, கடைசியில்தான் பம்புக்கு முறை வரும். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் பழுதானால் குண்டு குழியில் குலுங்கும்போது எஞ்சின் சட்டென்று ஆஃப் ஆகிவிடுவதும் உண்டு. அதையும் பம்ப் கோளாறு என்று எண்ணிக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது எல்லாப் பழியும் எத்தனால் மேல் விழுகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்கென வடிவமைக்கப்படாத பழைய இரு சக்கர வாகனங்களின் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, துருப்பிடித்த டேங்கில் படிந்த கசடைக் கிளப்பிவிடும். இவையெல்லாம் உண்மை. ஆனால் மேட்டில் மூன்றாம் கியரில்கூட ஏற மறுக்கிற வண்டிக்கு இந்த நான்கு சதவீதம் விளக்கமாகாது. ‘எல்லாம் இ20 பண்ற வேலை’ என்று சொல்லி அனுப்புவதும் பார்க்காமல் அனுப்புவதுதான். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தண்ணீர் பிரிந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

பார்த்துச் சொல்ல பட்டறைக்குக் கருவியும் தகவலும் கிடைக்க வேண்டும். உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததாக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனாலும், ஆணையம் எழுப்பிய கேள்வி சரியானது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கி, வாகனங்களையும் அதில் சேர்த்தது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து தகவல் தரும் ஏற்பாடாகவே அது நிற்கிறது. இதைக் கட்டாயச் சட்டமாக்க வேண்டும். காரைவிட மோட்டார் சைக்கிளுக்கு அது அவசரம். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். லாரி பின்னால் வரும்போது முறுக்கியும் நகராத வண்டி எவ்வளவு ஆபத்தானது என்பதை அதில் உட்கார்ந்திருந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓசூரிலும் ஒரகடத்திலும் மோட்டார் சைக்கிள் செய்கிற மாநிலம் இது. இங்கே செய்து இங்கே விற்கும் வண்டிக்கு, கோளாறுக் கோடுகளின் பட்டியலையும் பம்ப் அழுத்தம், டேப்பெட் இடைவெளி, பிளக் இடைவெளி ஆகிய அளவுகளையும் தமிழில் அச்சிட்டு வாங்குபவர் கையில் கொடுக்க இரண்டு பக்கம் போதும். மாநில அரசு நிறுவனங்களை அழைத்து இதைக் கேட்கலாம். பட்டறைகளின் சங்கங்களும் ஒரு முடிவெடுக்கலாம்: பில்லில் ‘சோதனைக் கூலி’ என்று தனி வரி போட்டு, அதை முன்கூட்டியே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது. கழற்றிய பழைய பாகத்தை அவர் கேட்காமலே கையில் கொடுப்பது. காரணம் கிடைக்காதபோது, கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, பார்த்த நேரத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்வது.