வீட்டில் சாப்பாட்டுக்கு வழி இருந்ததா?

இம்மாதம் உங்களை மிகவும் பழைய காலத்திற்கு அழைத்துச் செல்கிறேன். இன்றைய ஈராக்கில், யூப்பிரதீஸ், தைகிரீஸ் ஆறுகளுக்கு இடையில் பாபிலோன் என்றொரு இராச்சியம் இருந்தது. ஏறத்தாழ கி.மு. 1792 முதல் 1750 வரை அதனை ஆண்டவன் ஹமுராபி. அவனுடைய சட்டங்களை ஆளுயரத்திற்கும் மேலான ஒரு கருங்கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் இப்போது பாரிஸ் லூவர் நூதனசாலையில் இருக்கிறது.

கண்ணுக்குக் கண் வாங்கும் தண்டனைக்காகத்தான் இந்தச் சட்டம் பேர்போனது. நானும் பாடசாலையில் அதைத்தான் படித்தேன். சண்டையில் பிடிபட்டுத் திரும்பாதவனின் மனைவியைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறது என்பதைப் பிற்காலத்தில்தான் வாசித்து அறிந்தேன்.

அந்நாளில் போர்வீரனுக்கு அரசன் காணி கொடுப்பான். அவன் சேவை செய்யும்வரை அது அவனுடையது. அவன் சிறைப்பட்டு, மகனும் சின்னப்பிள்ளையாக இருந்தால், வயலிலும் தோட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கைத் தாய்க்குக் கொடுக்க வேண்டும். அதை வைத்து அவள் பிள்ளையை வளர்ப்பாள். வேற்று நாட்டுக்குப் போன வியாபாரி யாராவது அந்த வீரனைப் பணம் கொடுத்து மீட்டு வந்தால், அந்தக் கடனுக்காக வீட்டையும் காணியையும் எடுக்கக் கூடாது. அவன் வீட்டில் பணம் இல்லாவிட்டால் ஊர்க் கோயில் கொடுக்க வேண்டும். கோயிலிடமும் இல்லாவிட்டால் அரண்மனை கொடுக்க வேண்டும்.

காணி இல்லாதவள் என்ன செய்வாள்? சட்டம் முதலில் அடுப்படியைத்தான் பார்க்கிறது. வீட்டில் சாப்பாட்டுக்கு வழி இருந்தும் அவள் இன்னொருவனிடம் போனால் அவளை ஆற்றில் எறிவார்கள். வழி இல்லாமல் போனால் அவள் மீது குற்றமில்லை. எத்தனை படி பார்லி இருந்தால் 'வழி இருக்கிறது' என்று அர்த்தம்? கல்லில் அந்த அளவு இல்லை. அதை அயலவர்கள்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அயலவர்களின் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சிறைப்படாமல், தானாகவே ஊரை வெறுத்து ஓடிப்போனவனின் கதை வேறு. அவன் திரும்பி வந்து கூப்பிட்டாலும் மனைவி அவனிடம் போக வேண்டியதில்லை.

பல நூற்றாண்டுகள் கழித்து வடக்கே அசீரியாவில் எழுதிய களிமண் பலகைகள் இன்னும் விபரமாகப் பேசுகின்றன. அசீரியச் சட்டம் பெண்களுக்கு மிகக் கொடியது. மனைவியை அடிக்கக் கணவனுக்கு உரிமை கொடுத்தது. ஆனால் இந்த ஓரிடத்தில் அது ஒழுங்கு வைத்திருந்தது. மாமனோ மகனோ இல்லாதவள், பகைவர் பிடித்துப்போன கணவனுக்காக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் உண்ண ஒன்றுமில்லாமல் போனால் அவள் நீதவான்களிடம் போய்ச் சொல்லலாம். அவர்கள் ஊர்த்தலைவரையும் பெரியவர்களையும் விசாரித்து, இரண்டு வருடத்துக்கு அவளுடைய பிழைப்புக்கு வயலும் வீடும் ஒதுக்கி, பலகையில் எழுதிக் கொடுப்பார்கள்.

இரண்டு வருடம் முடிந்ததும் விதவைக்கு எழுதுவது போல அவளுக்கும் ஒரு பலகை எழுதப்படும். கணவன் செத்தான் என்பதை அவள் நிரூபிக்க வேண்டியதில்லை. அவன் உடலைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விரும்பியவனை மணந்து வாழலாம். இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

காணாமற்போனவன் ஒருநாள் திரும்பி வந்தால்? அதையும் எழுதியிருக்கிறார்கள். பாபிலோனிலும் அசீரியாவிலும் ஒரே முடிவுதான். மனைவி முதற் கணவனிடம் திரும்ப வேண்டும். இடையில் பிறந்த பிள்ளைகள் தங்கள் தகப்பனோடு இருப்பார்கள். அவளிடம் விருப்பம் கேட்கச் சொல்லிக் கல்லிலும் இல்லை, களிமண்ணிலும் இல்லை.