குன்றக் கூறிய சட்டம்

பிரிட்டன் முழுவதிலும் 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் மின்சிகரெட்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளது. பள்ளிச் சிறுவர் பைகளில் பழவாசனைப் புகைக்கோல்கள் இருந்த நிலை மாறும் என்று பலரும் மகிழ்ந்தனர். நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் அச்சட்டத்தின் வரையறையைப் படிக்குங்கால், நன்னூலார் பத்துக் குற்றங்களுள் முதலாவதாக வைத்த 'குன்றக் கூறல்' நினைவுக்கு வருகிறது.

மீண்டும் மின்னேற்ற முடியவேண்டும். மீண்டும் திரவம் நிரப்பவும் முடியவேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் விற்கக்கூடாது. இவ்வளவுதான் வரையறையின் சாரம். உற்பத்தியாளர் என்ன செய்தனர்? அடியில் ஒரு யுஎஸ்பி துளை, மேலே மாற்றத்தக்க ஒரு குப்பி. பெயரும் வண்ணமும் பழையவையே. விலையிலும் பெரிய வேறுபாடில்லை. மலிவாய்க் கிடைக்கும் ஒன்றை மின்னேற்றிப் பேணுவோர் எத்தனை பேர்? இலக்கணம் மாறியது, வழக்கு மாறவில்லை.

நிற்க. இந்தக் கோலின் வயிற்றில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். தூக்கியெறியும் வகையில் இருந்த கலங்களே நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றத்தைத் தாங்கக்கூடியவை என்று 2023இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினர். (இதைவிடப் பெரிய ஊதாரித்தனம் உண்டோ!) குப்பை வண்டியின் அழுத்துபொறியில் கலம் நசுங்கினால் உள்ளே நேர்முனையும் எதிர்முனையும் தொட்டுக்கொள்கின்றன. வெப்பம் வெப்பத்தை வளர்க்க, எரியும் வாயுவைக் கக்கித் தீப்பற்றுகிறது. அணைந்ததாகத் தோன்றியதும் மீண்டும் மூளும். 2024 மே வரையிலான ஓராண்டில் பிரிட்டனின் குப்பை வண்டிகளிலும் கழிவுக் கிடங்குகளிலும் நேர்ந்த மின்கலத் தீவிபத்துகள் 1,200க்கும் அதிகம். அவை அனைத்தும் மின்சிகரெட்டால் நேர்ந்தவை அல்ல. எனினும் அந்த வண்டியை ஓட்டுபவருக்கு, எரிவது எந்தக் கலம் என்பது ஆறுதலாகாது.

தடையை மீறும் கடைக்காரருக்கு இங்கிலாந்தில் முதற்குற்றத்துக்கு 200 பவுண்டு அபராதம். வாங்கி வீசுபவரைத் திருப்பிக் கொணரச் செய்யும் தூண்டுதல் எங்கே? ஜெர்மனியில் பானக் குடுவைக்கு 2003 முதல் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. குடுவையைத் திருப்பினால் காசு திரும்பும். வெறும் குடுவைக்கே அப்படியென்றால், தீப்பற்றவல்ல மின்கலத்துக்கு ஏன் கூடாது? ஒரு பவுண்டு வைத்தாலும் பலர் திருப்பித் தருவர் என்பது நம் எண்ணம்.

பயன்படுத்தியவற்றைக் கடைக்காரர் திரும்பப்பெற வேண்டும் என்ற விதி அங்கே இருக்கிறது. ஆனால் திரும்பியவை சிறுகடையின் பின்னறையில், அட்டைப்பெட்டியில் குவிந்தால் தீ இடம்மாறும், அவ்வளவே. தீத்தாங்கும் கலனும், வாரந்தோறும் வந்து எடுத்துச்செல்லும் வண்டியும் வேண்டும். அச்செலவை ஏற்கவேண்டியவர் கடைக்காரர் அல்லர், உற்பத்தியாளரே.