தசையில் உறங்கும் குருத்தணு

'ஸ்டெம் செல்' எனப்படும் குருத்தணுவைப் பற்றிப் பேச்செழுந்தால், "அது கருவைக் கொல்லும் ஆராய்ச்சி அன்றோ, சுவாமி?" என்று பங்கு மக்களுள் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் கருவினின்று எடுக்கப்படும் அணு வேறு; வளர்ந்த மனிதனின் உடலிலேயே குடியிருக்கும் அணு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் நல்லதைச் சந்தேகிப்போரும் உளர். பொய்யை நம்பிப் பொருளிழப்போரும் உளர்.

நம் தசையையே எடுத்துக்கொள்வோம். முதிர்ந்த தசைநார் தானே பிளந்து பெருகும் இயல்புடையதன்று. பின் அடிபட்ட தசை எவ்வாறு கூடுகிறது? 1961-ஆம் ஆண்டு, நியூயார்க் நகரின் ராக்கஃபெல்லர் கழகத்தில் அலெக்சாண்டர் மாரோ என்பவர் தவளையின் கால் தசையை எலக்ட்ரான் நுண்பெருக்காடியில் நோக்கினார். தசைநாரின் ஓரத்தில், அதன் மேலுறைக்கு உட்புறமாய் ஒட்டிக் கிடந்த சிற்றணு ஒன்றைக் கண்டு, 'துணைக்கோள் அணு' என்று பெயரிட்டார். சேதம் நேர்கையில் விழித்தெழுந்து பெருகித் தசைநாரைச் செப்பனிடுவது அதுவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

எனினும் அது மெய்யான குருத்தணுதானா? விதைநெல்லை எடுத்துவைத்த பின்னரே எஞ்சியதைக் குத்தும் உழவனைப் போல, தன்னையொத்த அணுக்களையும் அது சேமித்துவைக்க வேண்டுமே! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஹெலன் பிளாவ் அம்மையாரும் குழுவினரும் 2008-இல் இதைச் சோதித்தனர். மின்மினிப்பூச்சியின் ஒளிதரும் மரபணுவைத் தாங்கிய தசை அணு ஒன்றே ஒன்றைச் சுண்டெலியின் காலில் வைத்தனர். அணு பெருகப் பெருக ஒளியும் பெருகிற்று. அதன் வழிவந்தவற்றுள் சில தசைநாராயின. சில குருத்தணுவாகவே நிலைத்தன.

இவ்வணுக்களை உடலுக்கு வெளியே வளர்ப்பதுதான் பெரும்பாடு. பிளாஸ்டிக் தட்டில் இட்டால் விரைவில் தம் குருத்துத் தன்மையை இழந்துவிடும். தட்டோ தசையைவிடப் பல்லாயிரம் மடங்கு விறைப்பானது. 2010-இல் அக்குழுவினர், தசையின் மென்மைக்கு ஈடான கூழ்ப்படுக்கை ஒன்றை அமைத்தனர். அதில் அணுக்கள் தம் ஆற்றலைக் காத்துக்கொண்டன. பாய் மாறினால் உறக்கம் வராத நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள்!

இத்தகைய ஆய்வைத் திருச்சபை தடுக்கவில்லை. வளர்ந்தோர் உடலிலிருந்து தீங்கின்றிக் குருத்தணு எடுப்பது ஏற்புடையதே என்று 2008-இல் வெளியான 'திக்னித்தாஸ் பெர்சோனே' என்னும் உரோமை அறிவுரை கூறுகிறது. கருவை அழித்து எடுப்பதையே அது கண்டிக்கிறது. பிளாவ் அம்மையாரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் பாப்பிறை அறிவியல் கழகத்தின் உறுப்பினராக்கினார்.

ஆனால் எலியில் வென்றது மனிதனில் வென்றதாகாது. டுஷேன் தசைச் சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கி, நடையையும் பறிக்கிறது. 1990-களில் அச்சிறுவர்களுக்கு ஊசிவழி தசை அணுக்களைச் செலுத்திப் பார்த்தனர். எதிர்பார்த்த வலிமை வரவில்லை. செலுத்தியவற்றுள் பெரும்பாலானவை விரைவில் மடிந்தன.

இந்நிலையில், "குருத்தணுவால் குணமாக்குகிறோம்" என்னும் விளம்பரங்களை என்னென்பது? சில இரத்த நோய்களுக்கான சிகிச்சை நீங்கலாக, குருத்தணுவை அனுமதி பெற்ற ஆய்விலன்றி நோயாளிக்குச் செலுத்துவது முறைகேடு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. மகனுக்காக நிலத்தை விற்கத் துணியும் தந்தை, அச்சிகிச்சை எந்த ஆய்வைச் சேர்ந்தது, அரசுப் பதிவேட்டில் அதன் எண் யாது என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.