மந்திரத்திற்கும் தகுதிவிதி வேண்டும்

1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் மந்திரவாதிக்கு எல்லாம் கைகூடிவிடுவதில்லை. மந்திரங்களுக்குப் படிநிலைகள் உண்டு. சொல், கைமுத்திரை, பொருள் என விலையும் உண்டு. 2014ஆம் ஆண்டு விதிநூல் புதுமந்திரம் அமைப்போரை எச்சரிக்கிறது: எப்போதும் இதையே ஏவலாமே என்று ஆசை காட்டும் மந்திரம் தன் படிநிலைக்கு மிஞ்சியதாக இருக்கலாம்.

உத்திரமேரூரில் ஆடும் நாம் 'குடவோலை' என்றொரு மந்திரம் அமைத்தோம். ஏவினால் எதிரணித் தலைவன் பதவியிழப்பான், எல்லை ஏதுமில்லை. இரண்டே ஆட்டங்களில் சலித்துவிட்டது. வென்றவரிடம்கூடச் சொல்வதற்கு ஒரு கதை இல்லை.

விடை நம்மூர்க் கோயில் சுவரிலேயே இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் வகுத்த தேர்தல் விதிகளைச் சபை 921இல் திருத்தியது. 30 முதல் 60 என்ற வயது வரம்பு 35 முதல் 70 ஆயிற்று. கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துள் புகாது. முந்தைய மூன்றாண்டுகளில் பொறுப்பு வகித்தவர் பெயரும் புகாது. ஓலையை எடுப்பவன் சிறுவன்.

நாமும் திருத்தினோம். ஏவியவர் பெயரும் குடத்தில் விழும். அவர் அடுத்த மூன்று ஆட்டங்களுக்கு அதை ஏவலாகாது. பகடையை உருட்டுபவர் அணியில் இளையவர். இப்போது ஏவுமுன் கை தயங்குகிறது. ஆட்டம் அந்தத் தயக்கத்தில்தான் உயிர்க்கிறது.

ஒன்றை மறைக்கலாகாது. அக்குடத்தில் நிலமற்றோர் பெயருக்கும் பெண்கள் பெயருக்கும் இடமிருக்கவில்லை. எனவே விதியின் நுட்பத்தை வியப்பதோடு நாம் நின்றுவிட முடியாது. அதை எழுத அமர்ந்தவர் யார் என்றும் கேட்கவேண்டும். நம் மேசையில் ஆடுவோர் அனைவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.