பொன்மொழிப் பலகையும் தூங்குமூஞ்சி மரமும்



எங்கள் பள்ளியின் நுழைவாயிலைக் கடந்ததும் வலப்பக்கச் சுவரில் ஒரு வெண்பலகை உண்டு. ‘இன்றைய சிந்தனை’ என்பது அதன் தலைப்பு. நாட்டில் ஏறத்தாழ 530 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இப்படியொரு பலகை இல்லாத பள்ளியை நான் இன்னும் கண்டதில்லை. வள்ளுவர், ஒளவையார், விவேகானந்தர், அப்துல் கலாம் என்று நாளுக்கொருவர் அதில் வந்து போவர். பல்லாண்டுகளாக அப்பலகைக்குப் பொறுப்பாசிரியன் நான்தான். பொன்மொழிகளைத் தொகுத்து வைத்திருந்த குறிப்பேடுகள் மட்டும் என்னிடம் மூன்று இருந்தன.

அப்பலகையை எவரேனும் படித்தனரா என்று நான் ஒரு நாளும் கேட்டுப் பார்த்ததில்லை. ஒரு முறை விடுமுறைக்கு முன் எழுதியதை அழிக்க மறந்து, விடுமுறை முடிந்து இரண்டு வாரங்கள் கடந்தும் அதே வாசகம் இருந்தது. மாணவர்களோ ஆசிரியர்களோ ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்று நம்பிக்கைச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. பொழுது விடியுமுன்பே வாட்ஸ்அப் குழுக்களில் அவை குவிந்து விடுகின்றன. மேலே ஓர் உதயசூரியன், நடுவில் ஒரு ரோஜா, கீழே ஓர் அறிஞரின் பெயரில் அவர் சொல்லியே இராத ஒரு வாசகம். இயற்கை, கலை, அறிவுரை மூன்றும் ஒரே படத்தில் அடங்கி விடுகின்றன. நாமும் கைகூப்பும் குறியொன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அப்படங்களை அனுப்புவோரின் அன்பை நான் குறை கூறவில்லை. என் சொந்த அக்காளே நாள்தோறும் இரண்டு அனுப்புகிறார். ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. துயரம் உண்மையிலேயே வீட்டுக்குள் நுழைந்த நாளில் அச்சொற்கள் எங்கே போய்விடுகின்றன?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக் கொடுத்தவன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன்.

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் அவன் தந்தையை இழந்தான். தாயார் கமுந்திங் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முறைமாற்று வேலை செய்பவர். இரவு வேலை வாரங்களில் அவர் வீடு திரும்பும் வேளையில் இவன் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். வகுப்பில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்தான். வீட்டுப்பாடம் நின்றது. எங்கள் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை நூறை எட்டாது. ஆகவே ஒரு பிள்ளை அமைதியாகிவிட்டால் அது பள்ளி முழுவதற்கும் தெரியும். எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். பலகையில் எழுதும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். குறிப்பேட்டைத் தந்து, நாள்தோறும் ஒன்றைப் பார்த்து எழுதச் சொன்னேன். நல்ல சொற்களை எழுத எழுத மனம் தெளியும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அழகாகத்தான் எழுதினான். ஒரு நாள், துன்பம் வருங்கால் அதைக் கண்டு சிரிக்குமாறு சொல்லும் திருக்குறள் அவன் முறையில் வந்தது. எழுதி முடித்து, தூவல்பேனாவை மூடி என்னிடம் நீட்டியபடியே கேட்டான்.

“சார், இத எழுதினப்ப வள்ளுவருக்கு அப்பா இருந்தாரா?”

குறும்பாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டான். “தெரியல தம்பி” என்றேன். அவன் தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனான். இத்தனை ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்து, அக்குறளை எத்தனையோ வகுப்புகளுக்கு ஒப்புவிக்கச் செய்து, பொருள் எழுதச் செய்து, சூழல் அமைக்கச் செய்து மதிப்பெண்ணும் இட்டவன் நான். ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை திருக்குறளை எடுத்து அந்த அதிகாரத்தைப் புதிதாகப் படிப்பவனைப் போல் படித்தேன். இடுக்கண் அழியாமை, 63ஆம் அதிகாரம். அதற்கு முன்னுள்ளது ஆள்வினை உடைமை. அதற்கும் முன்னே மடியின்மை, ஊக்கம் உடைமை. அரசியல் என்னும் இயலின் 25 அதிகாரங்களில் இதுவே கடைசி. இத்தனை காலம் இந்த வரிசையை நான் கவனித்ததில்லை. ஊக்கம் கொள்ளச் சொல்லி, சோம்பலை விலக்கச் சொல்லி, முயலச் சொல்லி, அதன் பிறகும் இடுக்கண் வரும் என்பதை ஒப்புக்கொண்டு வைக்கப்பட்ட அதிகாரம் அது. எல்லாம் செய்து பார்த்தும் தோற்றவனுக்கான சொல். அதைப் பிய்த்தெடுத்து, தந்தையை இழந்து இரண்டு மாதமே ஆன பத்து, பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் காலை ஏழேகாலுக்குக் கொடுத்தது என் பிழை, வள்ளுவர் பிழையன்று.

இதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பெரிய பங்கு இல்லை. ஜூலையில் காட்சிக்கலைக் கல்விப் பாடத்திற்காக நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். பேருந்துச் செலவு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துடையது. பிள்ளைகளுக்கு மனமெல்லாம் பக்கத்திலிருக்கும் விலங்குத் தோட்டத்தில். நுழைவுச்சீட்டுக்குப் பணம் போதாது என்றதும் பேருந்துக்குள் எழுந்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பூங்காவைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். அங்கே ஏரியாகத் தெரிவது எல்லாம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளங்கள். லாருட் வட்டாரத்தில் ஈயத்திற்காகச் சீனக் குழுக்களிடையே ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. 1874ஆம் ஆண்டு சனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான பின்பே அது ஓய்ந்தது. அதன் பிறகு அவ்வூருக்கு இட்ட பெயர்தான் தைப்பிங். சீனத்தில் நிலைத்த அமைதி என்று பொருள். தோண்டித் தீர்த்துக் கைவிட்ட ஈயக் குழிகளைச் சீரமைத்து 1880இல் பூங்காவாக்கினர். கரையோரம் நடப்பட்ட தூங்குமூஞ்சி மரங்கள் நூறாண்டுக்கும் மேலாக வளர்ந்து, சாலையின் ஒரு புறம் நின்றுகொண்டு, சாலையைக் கடந்து மறுபுறத்து நீரில் கிளையை நனைத்துக்கொண்டிருக்கின்றன. கிளை முழுவதும் பெரணியும் பாசியும். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. இன்று மழை உண்டா இல்லையா என்று பந்தயம் கட்டுவதே முன்பு அவ்வூரின் பொழுதுபோக்கு என்பார்கள்.

அம்மரத்தின் பெயர்களே ஒரு பாடம். ஆங்கிலேயர் மழைமரம் என்றனர். மலாய்க்காரர் ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம் என்றனர். நாம் தூங்குமூஞ்சி என்று வைதுவிட்டோம்! மூன்று பெயரும் சுட்டுவது ஒரே செயலைத்தான். மாலையானால் அதன் இலைகள் மடிந்துகொள்ளும். வானம் இருண்டு மழை வந்தாலும் மடிந்துகொள்ளும். இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்பில் நீர் ஒருபக்கமிருந்து மறுபக்கம் நகர்வதால் அது நிகழ்கிறது. இலை மடிவதால் மழைநீர் தடையின்றிக் கீழே இறங்கும். அவரைக் குடும்பத்து மரமாதலால் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். இத்தனை பெரிய குடையின் கீழே புல் செழித்திருப்பது அதனால்தான். இவற்றையெல்லாம் நான் பிள்ளைகளிடம் சொன்னேன். பாதிப்பேர் கேட்டனர், மீதிப்பேர் பல்லியொன்றைத் துரத்திக்கொண்டிருந்தனர்.

பிறகு கலையாசிரியை, “முழு மரத்தையும் வரைய வேண்டாம். பிடித்த ஒரு பகுதியை மட்டும் வரையுங்கள்” என்றார். அது எவ்வளவு நல்ல கட்டளை என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. முழு மரத்தை வரையச் சொன்னால் பிள்ளைகள் தமக்கு முன்பே தெரிந்த மரத்தை வரைவார்கள். நெட்டையாய் ஒரு கோடு, மேலே பச்சையாய் ஒரு மேகம். ஒரு கிளையை வரைய வேண்டுமானால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பிள்ளை நீரைத் தொடும் ஒரு கிளையைத் தேர்ந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் தலை நிமிரவில்லை. பெரணியின் ஒவ்வோர் இலையையும் எண்ணி எண்ணி வரைந்தான். நடுவில் தூறல் விழுந்தது. எல்லோரும் மண்டபத்தை நோக்கி ஓட, அவன் தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அண்ணாந்து நின்றான்.

“சார், மூடுது சார்!” என்று கத்தினான். நானும் அண்ணாந்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் அவ்விலைகள் மடிவதில்லை. அதை நான் அறிவேன். ஆயினும் அவனிடம் அதைச் சொல்லவில்லை. அவன் குரலை உரத்துக் கேட்டு மூன்று மாதமாகியிருந்தது.

மறுநாள் காலை பலகையில் என் குறிப்பேட்டு வாசகம் இல்லை. “மழை வந்தால் இலை மூடும். புல்லுக்குத் தண்ணீர் கிடைக்கும்” என்றிருந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் தன் பெயரையே எழுதியிருந்தான்.

ஆசிரியர் அறையில் இது சிறு வழக்காயிற்று. இது பொன்மொழியா என்று ஒரு நண்பர் கேட்டார். அறிவியல் பாடக் குறிப்பு போலிருக்கிறது என்றார் இன்னொருவர். செய்யுளும் மொழியணியும் பிள்ளைகளுக்கு வாய்க்க வேண்டுமென்றால் அவையே கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது மூத்த ஆசிரியர் ஒருவரின் வாதம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டு விட்டது. அத்தேர்வுக்காகப் பழகிய பழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை என்று நான் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பிறகு அவரிடம் வருத்தமும் தெரிவித்தேன். ஏனெனில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மனனத்திற்கு நான் எதிரியல்லன். 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, சிறுவயதில் பொருளறியாமல் ஒப்புவித்த மூதுரைகள் எனக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பத்து வயதில் விதைத்தது ஐம்பதை நெருங்குகையில் முளைத்தால் குறையொன்றுமில்லை. பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கொடுத்த கையோடு, “இதோ ஆறுதல், பெற்றுக்கொள்” என்று அவர்களை நெருக்குவதைத்தான் நான் தவறென்கிறேன். நம் சொல் வேலை செய்ய வேண்டும் என்ற அவசரம் நம்முடையது. அழுகையை நம்மால் பார்க்க முடியாததால் சீக்கிரம் ஒரு பொன்மொழியை எடுத்து அதன் மேல் போர்த்திவிடுகிறோம்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். எழுத்தறியாதவர். விடியலுக்கு முன் பிரட்டுக்கு நின்று, நிரைக்குப் போகும் வேளையில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி போயிற்று. அத்தகைய காலைகளில் லயத்து வாசலில் குந்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெகுநேரம் ஒன்றும் பேச மாட்டார். பிறகு, “மழ விடும். மங்கு காயும்” என்பார். அவ்வளவுதான். யாருக்கும் அறிவுரையாகச் சொன்னதில்லை. மழையைப் பார்த்துச் சொன்னது. இத்தனை ஆண்டுகளில் எனக்குத் துன்பம் வந்த போதெல்லாம் குறிப்பேடுகள் மூன்றையும் தாண்டி அந்த நான்கு சொற்களே முதலில் வந்திருக்கின்றன. அவர் பார்த்த பிறகு பேசினார் என்பதுதான் காரணமோ என்னவோ.

ஆகவே தலைமையாசிரியரிடம் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பெரியோர் சொற்கள். வியாழனும் வெள்ளியும் பிள்ளைகளுடையவை. விதி ஒன்றே: தன் கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். கேட்டதையும் படித்ததையும் எழுதக்கூடாது. முதல் சில வாரங்கள் “பூ அழகாக உள்ளது” என்பதைத் தாண்டவில்லை. அப்போது கலையாசிரியை சொன்னது எனக்குக் கை கொடுத்தது. ஒரு பகுதியை மட்டும் பார் என்றேன். நிலைமை மாறியது. இப்போது காலையில் பலகையின் முன் ஐந்தாறு பேராவது நிற்கிறார்கள். எழுதியவனோடு சண்டை போடவும் செய்கிறார்கள், “பொய், நான் பாக்கல” என்று.

அந்தப் பிள்ளை இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். துயரம் நீங்கிவிட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அது ஒரு மரத்தால் நீங்கக்கூடியதும் அன்று. ஆறாம் ஆண்டு முடிந்து போகும்போது அந்தக் கிளை ஓவியத்தை என்னிடம் கொடுத்துவிட்டான். மழைத்துளி பட்டு ஓரிடத்தில் நீர்வண்ணம் கலைந்திருக்கிறது. அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டலாம் என்றிருந்தேன். இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை மூன்றாம் ஆண்டு மாணவியின் முறை. செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிக்க வெள்ளாந்தைகளுக்குப் பெட்டிகள் வைத்திருப்பார்கள் அல்லவா, அதைப் பற்றி எழுதியிருந்தாள். “ஆந்தை எங்கள் வீட்டுப் பக்கம் பறந்தது. சத்தமே இள்லை” என்று. ‘இல்லை’யில் லகரம் பிறழ்ந்திருந்தது. பிள்ளைகள் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தனர். அவள் அழிப்பானை எடுத்து வந்து திருத்திவிட்டு, பலகையின் மூலையில் ஆந்தையின் ஒற்றைச் சிறகை மட்டும் வரைந்து வைத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை வள்ளுவருக்காகப் பலகையை அழிக்க வேண்டியிருந்தது. சிறகிருந்த மூலையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.